கழித்தல் குறி

புந்தா அரேனாஸ் நூலகத்தில்
நாலாம் எண் கணினி, காற்று இடிக்கும் ஜன்னலோரம்.
அதில்தான் வந்து உட்கார்ந்தார் ருதெசிந்தோ பாரியா,
தொப்பியை விசைப்பலகை மேலேயே வைத்து, பிறகு எடுத்து.

தேடுபெட்டியில் ஒற்றை விரலால்
கால் மணி நேரம் எழுதினார்:
வணக்கம். என் தம்பி எவாரிஸ்தோ பாரியா
எண்பத்தெட்டில் கோபித்துக்கொண்டு போனவன்
இப்போது எங்கே இருக்கிறான் தயவுசெய்து.

இயந்திரம் மரியாதைக்கு மசியவில்லை.
கோபத்தை அடக்க ஏழு வழிகள் சொன்னது.
தம்பிகளைப் பற்றிப் பொன்மொழி, ரோஜாப்பூ படத்தோடு.
ஒரு மனநல மருத்துவரின் தொலைபேசி எண்.

நான் யாஸ்னா. இங்கே எனக்குச் சம்பளம்
நகலெடுக்கவும், தாள் சிக்கினால் இழுக்கவும்.
வார்த்தை பிடுங்குவது வேலைப் பட்டியலில் இல்லை.
ஆனாலும் போன வாரம் ஒரு பையன்
'வேலை' என்று மட்டும் எழுதினான்,
உலகத்தில் உள்ள வேலையெல்லாம் வந்தது.
ஒன்றுக்கும் இங்கிருந்து பஸ் இல்லை.

எழுந்து போனேன்.
"வணக்கத்தை எடுத்துடலாம்."
எடுத்தார்.
"தயவுசெய்து."
எடுத்தார்.
"என் தம்பி."
விரல் நின்றது.

"அவரைத் தம்பின்னு எழுதினவங்க அங்க யாருமில்லை ஐயா.
எழுதியிருந்தா ஒரு குமாஸ்தா எழுதியிருப்பான்.
அவனுக்கு இவர் ஒரு பேரு, ஒரு தேதி, ஒரு கையெழுத்து.
நாம தேடுறது நம்ம கேள்வியை இல்ல,
அவன் எழுதிவெச்ச பதிலை."

மிஞ்சியது பெயர்.
இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டேன்,
ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து போகாதபடி.
இருநூற்றுப் பதினொன்று வந்தது.
அத்தனையும் ஒரு படகு.
'எவாரிஸ்தோ பாரியா', நீளம் பதினொரு மீட்டர்,
மஞ்சள் மேல்தளம், நண்டு பிடிக்க உரிமம்,
வருடா வருடம் புதுப்பித்த பதிவு, ஒரு அபராதம், ஒரு ஏலம்.

"எங்க அப்பா படகு," என்றார், திரையைப் பார்க்காமல்.
"சின்னவன் பேரை வெச்சாரு.
பத்திரத்துல என் பேரை எழுதினாரு."

பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி,
பிறகு ஒரு சிறு கோடு, கோட்டை ஒட்டினாற்போல் 'படகு'.
"இந்தக் கோடு போட்டா
படகு இருக்கிற எதுவும் நடுவுல வராது."

கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இவ்வளவுதானா?" என்றார்.
"இவ்வளவு சின்னதா?"

எண்டர் விசையை அவரையே தட்டச் சொன்னேன்.
பூஜ்யம்.
வெள்ளைப் பக்கம் எனக்குப் பழக்கம்,
அவருக்கில்லை. தொப்பியைத் தேடினார்.

அப்போதுதான் உறைத்தது:
எங்கள் காதுக்குப் பீயும் வீயும் ஒன்று.
எல்லைக்கு அந்தப் பக்கம் எவனோ
காதில் விழுந்ததை எழுதியிருப்பான்.
முதலெழுத்தை மாற்றினேன். வாரியா.
"அது நாங்க இல்லையே," என்றார்.
"இல்லைதான். இருந்தாலும் பார்ப்போம்."

ஒரே ஒரு முடிவு.
கொமொதோரோ ரிவதாவியா, சிலேக்காரர் சங்கம்,
குளிர்காலக் குலுக்கல், 2019.
மூன்றாம் பரிசு, அரை ஆட்டுக்குட்டி:
எவாரிஸ்தோ வாரியா, சீட்டு எண் 0417.
நேரில் வந்து பெற்றுக்கொண்டார்.

உதடசைய நாலு தரம் வாசித்தார்.
"அரை ஆடு," என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"மீதி அரை யாருக்குப் போச்சு?"

அச்செடுக்க நூறு பெசோ, எண்ணிக் கொடுத்தார்.
தாளை மடிக்காமல் மேல்கோட்டுக்குள் வைத்தார்.
கதவைக் காற்று திருப்பித் தள்ள,
பாதி வெளியே போனவர் உள்ளே வந்தார்.

தாளின் அடியில் சங்கத்தின் தொலைபேசி எண்.
அதில் விரலை வைத்துக் கேட்டார்:
"இதுல வணக்கம் சொல்லலாமில்ல?"